அண்ணாச்சி கடை திறந்தாச்சு: ஊருக்கு ஒரு நன்றி மடல்

தரங்கம்பாடி ஊர் மக்களுக்கும், பொறையாறு, சந்திரபாடி, சின்னங்குடிப் பக்கத்துச் சொந்தங்களுக்கும் வணக்கம்.

தாத்தா காலத்து மளிகைக் கடையைச் சீரமைத்து, தை பிறந்ததும் மறுபடியும் திறந்துவிட்டோம். அன்றைக்கு வந்த கூட்டத்தில் யாரிடமும் நின்று பேச முடியவில்லை. பாதிப் பேருக்குக் காபிகூடப் போய்ச் சேரவில்லை என்று அம்மாவுக்கு இன்னும் வருத்தம். அதனால்தான் இந்த மடல்.

முதலில் கொத்தனார் மாமாவுக்கு. 2004 சுனாமித் தண்ணீர் வடிந்த பிறகு கடைச் சுவர் முழுக்க சிமெண்ட் பூசினார்கள். அப்போது பல வீடுகளில் அதைத்தான் செய்தார்கள். ஆனால் உள்ளே இருப்பது சுண்ணாம்புக் காரையில் எழுப்பிய செங்கல் சுவர். சிமெண்ட் பூச்சு ஈரத்தை வெளியே விடாது. ஈரத்தோடு வந்த உப்பு உள்ளேயே தங்கிப் பூத்து, செங்கல்லை மாவாக உதிர்த்துவிடும். இடத்தைப் பார்க்க வந்த காண்ட்ராக்டர்கள் எல்லாரும் இடித்துவிட்டு கான்கிரீட் போடுங்கள் என்றே சொன்னார்கள். நம்மூர் டேனிஷ் ஆளுநர் மாளிகையைச் சீரமைத்தபோது சுண்ணாம்பு வேலை பார்த்தவர் கொத்தனார் மாமா. சுவரை நாலு இடத்தில் தட்டிப் பார்த்துவிட்டு, "சுவர் நிக்கும் பாப்பா, மேல போட்ட சட்டையத்தான் கழட்டணும்" என்றார்.

கழற்றினார். சிமெண்டைக் கொத்தி எடுத்து, பூத்த உப்பைச் சுரண்டி, சுவரை மாதக்கணக்கில் காயவிட்டார். அப்புறம் சுண்ணாம்பை ஊறவைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டு அரைத்துப் பூசினார். கடல் பக்கத்திலேயே கிடக்கிறதே என்று யாரோ கொண்டுவந்த மணலை ஒரு சட்டிகூடச் சேர்க்கவில்லை. சீக்கிரம் முடியுங்கள் என்றவர்களுக்கு அவர் கொடுத்த பதிலை இங்கே எழுத முடியாது. வெயில் காலம் வரட்டும், கடைக்குள் வந்து நின்று பாருங்கள், அவர் ஏன் அப்படிப் பேசினார் என்று புரியும்.

கூரைக்கு உதவியவர்கள் நிறையப் பேர். நாட்டு ஓடு சுடும் சூளைகள் இப்போது அபூர்வம். ஓட்டைத் தாங்கும் பனங்கைக்கும் புதிதாக மரம் தேட வழியில்லை, பனையை வெட்ட இப்போது கலெக்டர் அனுமதி வேண்டும். சரி, தகரம்தான் என்று நினைத்திருந்தபோது, பழைய வீட்டைப் பிரித்த குடும்பங்கள் கொல்லையில் அடுக்கி வைத்திருந்த ஓடுகளையும் பனங்கைகளையும் கொடுத்தீர்கள். பல பேர் காசே வாங்கவில்லை. ஓடுகள் ஒரே அளவில் இல்லை, நிறத்திலும் கொஞ்சம் முன்னே பின்னேதான். எனக்கு அது பிடித்திருக்கிறது. உற்றுப் பார்த்தால் உங்கள் வீட்டு ஓடு எங்கே இருக்கிறது என்று தெரியும்.

பொறையாறு ஆசாரி அண்ணன் பலகைக் கதவை மீட்டுக் கொடுத்தார். தாத்தா காலத்தில் ஒவ்வொரு பலகையிலும் தமிழ் எண் வெட்டியிருந்தார்கள், வரிசை மாறினால் கதவு மூடாது. அதில் ௫ (ஐந்து) மட்டும் காணோம். அது ஒரு ஆட்டுக் கொட்டகையில் தடுப்பாக இருந்தது. கொட்டகைக்காரர் யாரும் கேட்காமல் தானே தூக்கிவந்து தந்தார். ஆட்டுக்கு வேறு பலகை வாங்கிக் கொடுத்துவிட்டோம், கணக்குத் தீர்ந்தது.

கணக்கு என்றதும் சொல்லவேண்டியது ஒன்று இருக்கிறது. திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த தாத்தாவை ஊரில் நிறுத்தியதே கடன் நோட்டுதான். மீன் வரத்து இல்லாத நாட்களிலும், பின்னாளில் வந்த மீன்பிடித் தடைக்காலத்திலும் (இப்போது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்) அரிசி, பருப்பு, எண்ணெய், வலைக்கு நைலான் நூல் எல்லாம் நோட்டில்தான் போகும். படகு இறங்கி மீன் வந்த பிறகு வசூல். சுனாமியில் அந்த நோட்டுகள் எல்லாம் போய்விட்டன. அப்பா யாரிடமும் வாய் திறக்கவில்லை. உறவையும் வலையையும் ஒன்றாக இழந்தவர்களிடம் எதைக் கேட்பது? அப்படியும் அடுத்த ஒன்றிரண்டு வருடத்தில், "அண்ணாச்சி, என் பேர்ல இவ்வளவு இருந்துச்சு" என்று நீங்களாகவே வந்து எழுத வைத்தீர்கள். இந்த முறை ஓடு தூக்கியவர்கள், சாரம் கட்டிய தம்பிமார்கள், சோறு பொங்கிய மகளிர் குழு அக்காமார்கள், கூலியை எடுத்து நீட்டினால் எல்லாரும் அந்தப் பழைய கடனையே காட்டி மறுத்தீர்கள். ஐயா, அது எப்போதோ தீர்ந்துவிட்டது. அப்பாவும் திண்ணையில் உட்கார்ந்து இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறார், யாரும் கேட்பதாக இல்லை.

மின் இணைப்பு, தராசு முத்திரை, உணவுப் பாதுகாப்புப் பதிவு என்று என்னோடு அலைந்த பேரூராட்சி நண்பர்களுக்கும், நாளும் நேரமும் பாராமல் எங்களுக்காகப் பேசிய ஊர்ப் பஞ்சாயத்தாருக்கும் நன்றி.

தடைக்காலக் கடன் பழையபடி உண்டு. ஜிபே வந்துவிட்டது, நோட்டும் இருக்கிறது. படகுக்காரர்கள் கேட்டபடி விடியற்காலை நான்கு மணிக்கே பலகை எடுத்துவிடுவோம், ஞாயிறு மட்டும் மதியம் வரை. வேலை முடிந்த பின் இரண்டு கடப்பாரையும் ஒரு மூங்கில் ஏணியும் கொல்லையில் கிடக்கின்றன. யாருடையது என்று தெரியவில்லை, வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

நன்றியுடன்,
அண்ணாச்சி மகள்,
தரங்கம்பாடி