கையெழுத்துப் போடுகிறவருக்கு யார் பாடம் எடுப்பது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஆப்பிரிக்க நாடுகள் நிலக்கரியையும் டீசலையும் விட்டு சூரியஒளி, காற்று, புவிவெப்பம் என்று மாறுவதற்கு 'தலைவர்களைத் தயார் செய்ய வேண்டும்' என்று சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் யார் அந்தத் தலைவர் என்ற இடத்தில் எனக்கு இடித்தது. நம் ஊரில் தலைவர் என்றால் கட்-அவுட்டில் கைகூப்பி நிற்பவர். கட்டுரையும் கிட்டத்தட்ட அவரைத்தான் மனதில் வைத்திருக்கிறது: ஓர் அமைச்சர், ஒரு வாரக் கருத்தரங்கு, கடைசி நாளில் குரூப் போட்டோ.

நான் மின்வாரியத்தில் 31 வருடம் வேலை பார்த்தவன். பெரும்பகுதி துணைமின் நிலையங்களில், அதுவும் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வீசுகிற பக்கம். சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசிய காற்று சக்தி நிறுவனத்துக்கு வெளிநாட்டுப் பொறியாளர்கள் பயிற்சிக்கு வருவது வாசகர்களில் பலருக்குத் தெரியாமல் இருக்கலாம். வெளிநாட்டினருக்குப் பயிற்சி தருகிற மத்திய அரசின் ஐடெக் திட்டத்தில் ஆப்பிரிக்க நாடுகளுக்கென்றே தனி வகுப்புகளும் நடந்திருக்கின்றன. அப்படி வந்த ஒரு குழுவுக்கு, ஓர் ஆடி மாதத்தில், எங்கள் துணைமின் நிலையத்தைச் சுற்றிக் காட்டும் வேலை என் தலையில் விழுந்தது.

நல்ல காற்று. கதவைத் திறந்தால் மேஜை மேல் லாக் புக் பக்கங்கள் படபடக்கின்றன. அந்த நேரம் பார்த்துத்தான் சென்னையிலிருந்து போன்: லோடு குறைந்துவிட்டது, குறிப்பிட்ட ஃபீடரில் (மின்பாதையில்) உள்ள காற்றாலைகளை நிறுத்து. நாங்கள் 'பேக்டவுன்' என்போம். ஆபரேட்டர் பிரேக்கரை ஆஃப் செய்ததும் எதிரே காத்தாடிகள் ஒவ்வொன்றாக நின்றன. மலாவியிலிருந்து வந்திருந்த ஒருவர், முப்பது வயதிருக்கும், நோட்டை மூடிவிட்டுக் கேட்டார்: "காற்று இருக்கிறது. இயந்திரமும் ஓடத் தயார். நிறுத்தச் சொன்னது நீங்கள். அப்படியானால் இந்த மின்சாரத்துக்கான பணத்தை யார் கொடுப்பார்கள்?"

"அதெல்லாம் ஒப்பந்தத்தில் இருக்கும், சென்னையில் பார்த்துக்கொள்வார்கள்" என்றேன்.

சிரித்தார். "எங்கள் நாட்டிலும் இதையேதான் சொல்வார்கள் சார்."

அவர் வந்தது காற்றாலைத் தொழில்நுட்பம் படிக்க. அந்தக் கேள்வி அந்த வகுப்புக்குள் வராது. எந்த வகுப்புக்குள் வரும்? கட்டுரையைப் படித்த பிறகும் எனக்குப் பதில் கிடைக்கவில்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் ஒரு நாடே மாட்டிக்கொண்ட கதை இருக்கிறது.

கானாவில் 2012 முதல் 2016 வரை மின்வெட்டு மக்களைப் பாடாய்ப் படுத்தியது. அதற்கு 'டும்சோர்' என்று பேரே வைத்துவிட்டார்கள். அக்கான் மொழியில் 'அணை, ஏற்று' என்று பொருள். மக்கள் கொதிக்க, தேர்தல் நெருங்க, அரசு அவசர அவசரமாகத் தனியார் மின்நிலையங்களோடு ஒப்பந்தம் போட்டது. பலவற்றில் 'எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் காசு' என்ற ஷரத்து. 2019 ஜூலையில் அன்றைய நிதியமைச்சர் கென் ஒஃபோரி-அட்டா நாடாளுமன்றத்தில் கணக்கைச் சொன்னார்: நிறுவுதிறன் 5,083 மெகாவாட், உச்சத் தேவை ஏறக்குறைய 2,700 மெகாவாட். பயன்படுத்தாத மின்சாரத்துக்கு மட்டும் ஆண்டுக்கு 50 கோடி டாலருக்கு மேல். இருநூறு பேர் வருகிற விசேஷத்துக்கு நானூறு இலைக்குப் பணம் கட்டிய கதை. அவை பெரும்பாலும் எரிவாயு, எண்ணெய் நிலையங்கள், உண்மைதான். சோலார் ஒப்பந்தமாக இருந்தால் மட்டும் ஷரத்து இளகிவிடுமா? தவிர, எடுக்காத மின்சாரத்துக்கே இவ்வளவு கட்டுகிற அரசு புதிய சோலாரை எந்தக் காசில் வாங்கும்?

இதில் யாருக்குப் பயிற்சி தேவைப்பட்டது? அமைச்சருக்கு இல்லை. அமைச்சகத்தின் சட்டப் பிரிவில் அந்த ஒப்பந்தத்தைப் பக்கம் பக்கமாகப் படித்தவருக்கு, கருவூலத்தில் 'சரி' என்று குறிப்பு எழுதியவருக்கு, ஒழுங்குமுறை ஆணையத்தில் தேவையைக் கணித்தவருக்கு. எதிர்த் தரப்பில் இதையே தொழிலாகச் செய்கிற வக்கீல்கள் உட்கார்ந்திருப்பார்கள். இந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கியின் ஆதரவில் ஆப்பிரிக்க சட்ட உதவி அமைப்பு இயங்குகிறது. பெரிய ஒப்பந்தங்களைப் பேசும் அரசுகளுக்கு வழக்கறிஞர் உதவியும் பயிற்சியும் தருகிறது. உங்கள் கட்டுரையில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

கென்யாவின் துர்க்கானா ஏரிக் காற்றாலையைக் கட்டுரையில் புகழ்ந்திருக்கிறீர்கள். புகழ வேண்டியதுதான்: 365 காற்றாடிகள், 310 மெகாவாட். ஆனால் 2017-இல் காற்றாடிகள் தயாராகி நின்றபோது கம்பி வரவில்லை. சுஸ்வா துணைமின் நிலையம் வரை நானூறு கிலோமீட்டருக்கும் மேல் லைன் இழுக்க வேண்டும். அந்த லைன் வேலையை எடுத்த ஸ்பெயின் நிறுவனம் நடுவழியில் திவாலானது. 2018 செப்டம்பரில்தான் இணைப்பு கிடைத்தது. காற்றாலையைக் கட்டியது தனியார், லைன் போடுவது அரசின் பொறுப்பு. ஆகவே சும்மா நின்ற காலத்துக்கும் பணம் தர வேண்டியது அரசு. எடுக்காத மின்சாரத்துக்கும் பணம் கட்ட நேரும் ஆபத்தை முன்பே மோப்பம் பிடித்துத்தான் உலக வங்கி 2012-இல் திட்டத்திலிருந்து விலகியது. அப்புறம் நிலம். திட்டத்துக்குக் கொடுத்த ஒன்றரை லட்சம் ஏக்கரின் பட்டாக்கள் முறைப்படி வழங்கப்படவில்லை என்று மேரு நகரில் உள்ள சுற்றுச்சூழல், நில நீதிமன்றம் 2021-இல் தீர்ப்பளித்தது. ஆடு மாடு மேய்த்தவர்களின் பொது நிலம் அது. ஒரு மாவட்ட நில அதிகாரிக்கு விஷயம் புரிந்திருந்தால் பாதித் தலைவலி குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அதே கென்யாவில்தான் நான் பார்த்து வியக்கிற இன்னொரு கதையும் இருக்கிறது. கட்டுரை அதை இரண்டு வரியில் தாண்டிவிட்டது. நைவாஷா ஏரிக்குத் தெற்கே ஒல்காரியாவில் பூமிக்கடியிலிருந்து நீராவி எடுத்து மின்சாரம் தயாரிக்கிறார்கள். 1981-இல் முதல் யூனிட் ஓடியபோது வெறும் 15 மெகாவாட். இன்று நாட்டின் புவிவெப்ப நிறுவுதிறன் 900 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. கென்யாவின் மின்சாரத்தில் ஏறக்குறைய நாற்பது சதவீதம் அதிலிருந்து வருகிறது. இதற்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகத்தின் பெயரில் ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் நகரில் 1979-இல் தொடங்கிய புவிவெப்பப் பயிற்சி. இப்போது யுனெஸ்கோவின் குடையில் நடக்கிறது. ஆறு மாதம் அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும். முடிவில் தன் நாட்டுப் புவிவெப்பப் பகுதியைப் பற்றியே அறிக்கை எழுதலாம். அங்கே அதிகம் பேரை அனுப்பிய நாடு கென்யா.

போனவர்களில் யாரும் போகும்போது தலைவர் இல்லை. பாறை படித்தவர்கள், கிணறு தோண்டுகிறவர்கள், நீராவியின் ரசாயனம் பார்க்கிறவர்கள். திரும்பி வந்து அதே புவிவெப்பப் பகுதியில் பத்து வருடம், இருபது வருடம் இருந்தார்கள். பலர் மேலாளர்கள் ஆனார்கள். பின்னால் கென்யாவின் அரசு நிறுவனமான கென்ஜென், எத்தியோப்பியாவிலும் ஜிபூட்டியிலும் போய்க் கிணறு தோண்டிக் கொடுக்கும் அளவுக்கு வளர்ந்தது. (நம் பக்கம் பயிற்சிக்குப் போய்த் திரும்பியவன் கையில் முதலில் கிடைப்பது டிரான்ஸ்ஃபர் ஆர்டர். என்னோடு வேலை பார்த்த ஒருவர் ரிலே பாதுகாப்பில் மூன்று மாதம் படித்துவிட்டு வந்தார். ஸ்டோருக்கு மாற்றினார்கள், போல்ட் நட்டு எண்ணினார்.) ஒல்காரியாவிலும் எல்லாம் சுத்தம் என்று சொல்ல மாட்டேன். நான்காவது நிலையத்துக்காக மசாய் குடும்பங்களை இடம்பெயர்த்ததில் உலக வங்கி வரை புகார் போனது. நீராவி படித்தவர்களுக்கு மனிதரோடு பேசச் சொல்லித்தர ஆள் இல்லை போல.

இந்த நாற்பது வருடப் பொறுமைக்குப் பக்கத்தில், ஆப்பிரிக்காவுக்கு மின்சாரம் கொண்டுபோக 2013-இல் அமெரிக்க அதிபர் ஒபாமா அறிவித்த 'பவர் ஆப்பிரிக்கா' திட்டத்தை வைத்துப் பாருங்கள். வாஷிங்டனில் ஆட்சி மாறியது, 2025-இல் கடையைக் கட்டிவிட்டார்கள். அதை நம்பி ஆலோசகர் வைத்திருந்த அலுவலகங்களில் இப்போது யார் உட்கார்ந்திருக்கிறார்கள்?

தென்னாப்பிரிக்காவின் கோமாட்டி பற்றியும் ஒரு வார்த்தை. 1961-இல் தொடங்கிய நிலக்கரி மின்நிலையம். 2022 அக்டோபர் 31-இல் மூடினார்கள். அந்த இடத்தில் சூரியஒளி, காற்று, பேட்டரி அமைக்கவும் தொழிலாளருக்குப் புதுத் தொழில் கற்றுத்தரவும் உலக வங்கி 49.7 கோடி டாலர் ஒதுக்கியது. உலகத்துக்கே முன்மாதிரி என்றார்கள். ஆனால் புகைபோக்கி அணைந்த வேகத்தில் புது வேலை வரவில்லை. அந்தச் சிற்றூரில் நிலையத்தை நம்பியிருந்த கடைக்காரர், ஒப்பந்தத் தொழிலாளி, வீட்டை வாடகைக்கு விட்டவர் ஆகியோரிடம் முன்கூட்டிப் போதிய அளவு பேசவில்லை என்று அந்நாட்டு அதிபரின் காலநிலை ஆணையமே பின்னர் சுட்டிக்காட்டியது. அந்தக் கசப்பும் மின்பற்றாக்குறையும் சேர்ந்து, அடுத்து மூடவிருந்த மூன்று நிலையங்களை 2030 வரை ஓட்ட அந்நாட்டு அரசு மின்நிறுவனமான எஸ்கொம் முடிவு செய்தது. ஒரு கவுன்சிலரும் ஒரு தொழிற்சங்கச் செயலாளரும் இரண்டு வருடம் முன்பே மேஜையில் உட்கார்ந்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கலாம். அவர்களும் தலைவர்கள்தானே? எந்தப் பயிற்சிக்கும் அவர்களுக்கு அழைப்பு போவதில்லை.

2025 ஜனவரியில் தான்சானியாவின் தாருஸ்ஸலாமில் நடந்த ஆப்பிரிக்க மாநாட்டில் 2030-க்குள் 30 கோடிப் பேருக்கு மின்சாரம் என்று உறுதி கொடுத்திருக்கிறார்கள். ஏறக்குறைய 60 கோடிப் பேர் இருட்டில் இருக்கிற கண்டம் அது. இதற்கான கடனுக்கு அங்கே ஆகும் செலவு பணக்கார நாடுகளைவிட இரண்டு மூன்று மடங்கு. சோலார் பலகை எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒரே விலைதான், வட்டிதான் ஏழைக்கு ஒரு விலை. அந்த வட்டியைப் பேசிக் குறைக்கப் போகிறவர் கட்-அவுட்டில் இருக்க மாட்டார். நிதித்துறையில் மூன்றாவது மாடியில் ஏதாவது ஒரு மேஜையில் இருப்பார். தொடர்கட்டுரை எழுதுவதானால் அவரைத் தேடிப் பிடித்துப் பேட்டி எடுங்கள்.

கடைசியாக ஒரு சிறு திருத்தம். துர்க்கானா காற்றாலை 'தினமும் 310 மெகாவாட் மின்சாரம் தருகிறது' என்று அச்சாகியிருக்கிறது. மெகாவாட் என்பது திறன். தினமும் எவ்வளவு என்று சொல்ல யூனிட் கணக்கு வேண்டும், உங்கள் வீட்டு மீட்டரில் ஓடுகிறதே, அது. ஒல்காரியாவையும் தான்சானியாவில் கொண்டுபோய் வைத்திருக்கிறீர்கள். அடுத்த இதழில் இரண்டையும் திருத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மின்வாரியப் பொறியாளர்,
வள்ளியூர்.