சுவரை உடைக்கலாமா என்று சீமெந்துக் கடையில் கேட்கிறார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வீட்டைக் குறைந்த செலவில் நாமே புதுப்பிப்பது பற்றி உங்கள் ஞாயிறு இதழில் அண்மையில் வந்த பக்கத்தை எங்கள் கடைக்கு வந்த சிலர் வெட்டியெடுத்துக்கொண்டு வந்து காட்டினார்கள். படங்கள் அழகாகத்தான் இருந்தன. விறாந்தைக்கும் குசினிக்கும் நடுவிலிருந்த சுவரை எடுத்துவிட்டால் சின்ன வீடும் எப்படி விசாலமாகிவிடுகிறது என்று ஒரு படம். அந்தச் சுவர் அதுவரை எதைத் தாங்கிக்கொண்டு நின்றது என்று பக்கம் முழுவதும் தேடினேன். ஒரு வரியும் இல்லை.

மட்டக்களப்பு மாவட்டத்துக் களுவாஞ்சிகுடியில் சீமெந்து, கம்பி, பெயின்ற், குழாய் விற்கும் கடை எங்களுடையது. அப்பாவுக்குப் பிறகு நான் நடத்துகிறேன். கல்லாறு, ஓந்தாச்சிமடம், செட்டிபாளையம் என்று வாவிக்குக் கிழக்கே உள்ள எழுவான்கரை ஊர்களிலிருந்தும், பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து மேற்கே உள்ள படுவான்கரையிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். 2022 நெருக்கடியில் ஒரு பை சீமெந்து 3000 ரூபாவைத் தாண்டியபோது பாதியில் நின்ற வேலைகள் பல. அவற்றையும் புதிய ஆசைகளையும் இப்போது சனம் தன் கையாலேயே செய்யப் பார்க்கிறது. மேசன் கூலி கொடுத்துக் கட்டுப்படியாகாது என்பது உண்மை. பெயின்ற் பூசுங்கள், மாபிள் பதியுங்கள், குளியலறைக் கதவை மாற்றுங்கள். பிழைத்தால் காசுதான் போகும். சுவரில் கை வைப்பது அந்தக் கணக்கில் சேராது. 10 அடி நீளமும் 10 அடி உயரமும் உள்ள 4 அங்குலச் சுவர், இருபக்கப் பூச்சோடு ஒரு தொன்னுக்குக் குறையாது. அது கீழே வரும்போது கூரையைத் தனியே விட்டுவிட்டு வராது.

எனக்கு உள்ள குறை இதுதான்: உடைக்கலாமா, கூடாதா என்ற கேள்வி எங்கள் கடை மேசையில் கேட்கப்படுகிறது. "மகள், நாலு அங்குலச் சுவர்தானே, எடுக்கலாமோ?" என்று வயதானவர்கள் கேட்பார்கள். நான் பொறியியல் படித்தவள் இல்லை. சம்மட்டி விற்பவள். "உடையுங்கள்" என்று சொன்னால் முதலில் சம்மட்டியும், பிறகு சீமெந்தும், அதற்குப் பிறகு கம்பியும் விற்பேன். இப்படி ஒரு ஆளிடமா இந்தக் கேள்வியைக் கேட்பது?

கட்டாரிலிருந்து லீவில் வந்த ஒரு தம்பி பெரிய சம்மட்டியும் கிறைண்டர் தட்டும் கேட்டார். சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுக்கப்பட்ட வீடு, ஓட்டுக்கூரை. நடுச்சுவரை எடுத்து விறாந்தையைப் பெரிதாக்க வேண்டுமாம். மாமா ஒருவர் சுவரைத் தட்டிப் பார்த்தாராம். உள்ளே வெறுமையாகச் சத்தம் கேட்டதாம். ஆகவே பாரம் தாங்கும் சுவர் இல்லை என்று தீர்ப்பு. துவாரம் வைத்து வார்த்த சீமெந்துக் கல் பாரத்தைத் தாங்கினாலும் தாங்காவிட்டாலும் வெறுமையாகத்தான் சத்தம் போடும். போனில் வீட்டைக் காட்டுங்கள் என்றேன். அவருடைய அம்மா சுவரைக் காட்டினார். "சுவர் வேண்டாம் அம்மா, அதற்கு மேலே பிடியுங்கள்" என்றேன். போன் மெல்ல மேலே போனது. நடுச்சுவர், வாசலுக்கு மேலே குறுக்கே வரும் லின்டல் மட்டத்தோடு நிற்கவில்லை, முகடு வரை ஏறியிருந்தது. கூரை உச்சியில் நீளத்துக்குக் கிடக்கும் முகட்டு வளை ஒரே மரமில்லை, இரண்டு துண்டு. இரண்டும் சந்திக்கும் மூட்டு நேரே அந்தச் சுவரின் தலையில் இருந்தது. சிறிய இடைவெளியை நிரப்ப ஓடாவியார் அடித்த பலகை ஆப்புக்கூடத் தெரிந்தது. அந்த வீட்டுக் கூரையின் இரண்டு பாதியும் அந்தச் சுவரில்தான் கை கோத்து நின்றன. தம்பி படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். சம்மட்டியை மேசையில் வைத்துவிட்டுப் போனார். வேறு கடையில் வாங்கினாரோ தெரியாது. களுவாஞ்சிகுடியில் சம்மட்டிக்குத் தட்டுப்பாடு இல்லை.

எங்கள் கரையோரத்தில் 2004 டிசம்பர் 26க்குப் பிறகு எழுந்த வீடுகள் பெரும்பாலும் 500 சதுர அடி அளவில் கட்டப்பட்ட சின்ன வீடுகள். அவற்றில் பலவற்றில் சுமையைத் தாங்குவது சுவரே தவிரத் தூண் அல்ல. கட்டிக் கொடுத்தவர்கள் திறப்பைக் கொடுத்தார்கள். வரைபடத்தைப் பத்திரமாக வைத்திருக்கும் வீட்டுக்காரரை நான் அரிதாகத்தான் காண்கிறேன். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், மகளுக்குக் கலியாணம் பேசுகிறார்கள், வீடு போதவில்லை. முன்னால் ஒரு போர்ட்டிகோ, பின்னால் ஒரு குசினி, பக்கத்தில் ஒரு அறை. ஒவ்வொன்றும் பழைய சுவரின் மீது ஒரு புதிய பாரத்தை வைக்கிறது அல்லது அதில் ஒரு புதிய வாசலைத் திறக்கிறது.

சுவர் மெல்லியது என்றால் அது வெறும் தடுப்பு என்று நினைப்பதும் பிழை. கூரை வளை 4 அங்குலச் சுவரில் அமர்ந்திருக்கும் வீடுகளையும் கண்டிருக்கிறேன். மேலே ஒன்றுமே தாங்காத குறுக்குச் சுவர்கூட வேறொரு வேலை செய்துகொண்டிருக்கலாம். நீளச் சுவர் பக்கவாட்டில் சாயாமல் அதைப் பிடித்துக்கொள்வது குறுக்குச் சுவர்தான். அதை எடுத்த அன்று ஒன்றும் நடக்காது. அடுத்த நாளும் நடக்காது. "பார்த்தீர்களா, ஒன்றும் ஆகவில்லை" என்று எங்களுக்கே வந்து சொல்வார்கள். பெருங்காற்று வரும்போதுதான் அந்தச் சுவரின் அருமை தெரியும். 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்டவர்கள் இன்னும் மட்டக்களப்பில் இருக்கிறார்கள். முகட்டுக்குக் கீழே முக்கோணமாக நிற்கும் சுவரைக் காற்று என்ன செய்யும் என்று அவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

வாசல் திறந்தேதான் ஆகவேண்டும் என்றால் முறை இருக்கிறது. மேலே இருக்கும் பாரத்தை முதலில் இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்துத் தாங்க வேண்டும். இரும்பு ஜக் வாடகைக்குக் கிடைக்கிறது. பிறகுதான் உடைப்பு. புதிய லின்டல் இரு பக்கமும் குறைந்தது 6 அங்குலமாவது சுவருக்குள் அமர வேண்டும். வார்த்த கொங்கிறீட்டை ஈரம் காயவிடாமல் ஒரு கிழமை நனைக்க வேண்டும். கொடுத்த முட்டுகளை இரண்டு கிழமைக்கு முன் எடுக்கக்கூடாது. எத்தனை கம்பி, எந்தத் தடிப்பு என்பது வாசலின் அகலத்தையும் மேலே உள்ள பாரத்தையும் பொறுத்தது. அதைக் கணக்குப் பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். "பக்கத்து வீட்டில் போட்டதைப் போல நாலு கம்பி தாருங்கள்" என்று கேட்பவருக்கு நான் கம்பியைத்தான் கொடுக்க முடியும்.

மதில் விஷயம் இதைவிட மோசம். வீட்டுச் சுவர் விழுந்தால் வீட்டுக்காரர் தலையில் விழும். மதில் ஒழுங்கையில் போகும் பிள்ளையின் மேல் விழும். 2011 ஜனவரி வெள்ளத்துக்குப் பிறகு வளவைக் கிரவல் போட்டு உயர்த்துவது வழக்கமாகிவிட்டது. நல்லதுதான், ஆனால் கிரவலை எதன் மீது சாய்த்துக் கொட்டுகிறார்கள்? எல்லையைக் காட்டுவதற்காகக் கட்டிய 4 அங்குல மதிலின் மீது. அன்றோடு அது மதில் இல்லை, மண்ணைத் தடுக்கும் அணை. 2 அடி மண் தள்ளுவதைப் போல 4 அடி மண் இரண்டு மடங்கு தள்ளும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். தள்ளும் விசை நான்கு மடங்கு. மதிலை அடியோடு சாய்க்கும் வலு எட்டு மடங்கு. இது பாடப்புத்தகக் கணக்கு. இதன் மேல் மாரி மழை வருகிறது. நீர் வடியத் துளை விடாத மதிலுக்குப் பின்னால் தண்ணீர் தேங்கி நின்றால் மண்ணோடு தண்ணீரும் சேர்ந்து தள்ளும். துளை விட்டால் அடுத்த வளவுக்காரர் சண்டைக்கு வருகிறார் என்று ஒருவர் சொன்னார். சண்டையைப் பேசித் தீர்க்கலாம்.

வெறும் எல்லை மதிலுக்கும் 8, 10 அடிக்கொரு தூண் வேண்டும். நீளமான 4 அங்குல மதிலைத் தூணில்லாமல் தலை உயரத்துக்குக் கட்டிவிட்டு, அதன் மேல் அலங்காரக் கல்லும் வைத்து, "செலவைக் குறைத்துவிட்டேன்" என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

இன்னும் சில. வயர் புதைக்கவும் குழாய் போடவும் கிறைண்டரால் சுவரில் பள்ளம் வெட்டுகிறார்கள். செங்குத்தாக வெட்டினால் சுவர்த் தடிப்பில் மூன்றில் ஒன்றுக்கு மேல் ஆழம் போகக்கூடாது; கிடையாக வெட்டினால் ஆறில் ஒன்றுக்கு மேல் கூடாது. 4 அங்குலச் சுவரில் அது முக்கால் அங்குலத்துக்கும் குறைவு. துவாரக் கல் என்றால் கிடையாக வெட்டவே வேண்டாம். 1000 லீற்றர் தாங்கியைக் குளியலறைச் சுவரின் மேல் ஏற்றுகிறவர்கள், நிரம்பிய தாங்கி 20 பை சீமெந்து என்பதை நினைவில் வைத்தால் நல்லது. கடலுக்குக் கிட்டிய வீடுகளில் லின்டலின் நீளத்துக்குக் கீறல் விழுந்து செங்கபிலக் கறை வந்தால், உள்ளே கம்பி துருப்பிடித்து ஊதிக் கொங்கிறீட்டைப் பிளக்கிறது என்று பொருள். அதன் மேல் பூச்சுப் பூசி மறைப்பது எனக்கு இரண்டு பை சீமெந்து வியாபாரம். மற்றக் கீறல்களின் நுனியில் பென்சிலால் ஒரு கோடு போட்டுத் திகதி எழுதிவையுங்கள். கீறல் கோட்டைத் தாண்டினால் உடனே ஆளைக் கூப்பிடுங்கள்.

எந்த ஆளை என்பதுதான் இந்தக் கடிதத்தின் காரணம். கட்டடத்தில் மாற்றம் செய்யவும் உள்ளூராட்சி மன்றத்தின் அனுமதி வேண்டும் என்பது 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டக் காலத்திலிருந்தே உள்ள விதி. ஆனால் ஒரு வாசல் திறக்கலாமா என்று கேட்கப் பிரதேச சபைக்குப் போக எங்கள் சனம் அஞ்சுகிறது. கேட்கப் போனால் வரைபடம் கொண்டுவா என்பார்கள், கட்டணம் கட்டு என்பார்கள், முன்பு அனுமதியில்லாமல் வீட்டோடு சாய்த்து இறக்கிய பத்தியையும் பிடிப்பார்கள், வீட்டுக்குச் சபை அறவிடும் சோலைவரி கூடும் என்ற பயம். பயம் எவ்வளவு நியாயம் என்பது வேறு கதை. அதனால் என்னிடம் வருகிறார்கள். நானோ கம்பி விற்கிறேன்.

சபைகளில் தொழில்நுட்ப உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். கிழமையில் ஒரு காலை நேரம், ஒரு மேசை, ஒரு கதிரை. விண்ணப்பம் வேண்டாம், முகவரி எழுத வேண்டாம், கட்டணம் வேண்டாம். போனில் படத்தோடு வருகிறவருக்கு, "இந்தச் சுவரைத் தொடாதே", "இதைத் தொடலாம், ஆனால் முதலில் முட்டுக் கொடு", "இதை நான் நேரில் பார்க்க வேண்டும்" என்ற மூன்றில் ஒன்றைச் சொன்னால் போதும். கேட்க வந்தவரின் பெயரைச் சோலைவரிப் பிரிவுக்குக் கொடுப்பதில்லை என்று சபை வாக்குக் கொடுக்க வேண்டும். அது இல்லாமல் ஒருவரும் வரமாட்டார்கள். மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டங்களிலும் மாரிக்கு முன்பே இதைத் தொடங்கலாம்.

உங்கள் இதழும் அடுத்த தடவை விசாலமான வீட்டின் படத்தைப் போடும்போது, கூரையைக் காட்டும் ஒரு படத்தையும் பக்கத்தில் போடுங்கள். சபை நேரம் ஒதுக்கினால் அந்த நேரத்தைப் பெரிய எழுத்தில் எழுதி, சம்மட்டிகள் தொங்கும் இடத்துக்கு நேர் மேலே ஒட்டிவைக்க நான் தயார்.

இப்படிக்கு,
ஹார்ட்வெயார் கடைக்காரி,
களுவாஞ்சிகுடி.