காட்கோபர் வந்தால் கட்சி மாற வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை இந்தப் பகுதியில் ஒரு வாசகர், இந்தக் காலத்துப் பிள்ளைகள் "சிறகு முளைத்தால் எங்கே பறப்பாய்", "ஒரு நாள் யார் கண்ணுக்கும் தெரியாமல் போனால் என்ன செய்வாய்" என்று நடக்காததையெல்லாம் மணிக்கணக்காகப் பேசி நேரத்தைப் பாழாக்குகிறார்கள் என்று வருத்தப்பட்டு எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எனக்கு மனசு கேட்கவில்லை. எனக்கு வயது 52. ஒன்பது வருடமாகத் தினமும் காலையில் அந்த மாதிரிப் பேச்சைப் பேசித்தான் ஆபீஸ் போய்ச் சேருகிறேன், அதனால் இதைச் சொல்லும் உரிமை எனக்கு இருக்கிறது என்று நினைக்கிறேன்.

டோம்பிவிலியிலிருந்து மும்பையின் கடைசி ஸ்டேஷனான சிஎஸ்எம்டி போகும் ஃபாஸ்ட் லோக்கல் ரயில், லேடீஸ் டப்பா, அதாவது பெண்கள் பெட்டி. நாங்கள் நாலு பேர். திருநெல்வேலி அக்கா, மாட்டுங்காவில் பிறந்து கல்யாணமாகி டோம்பிவிலி வந்த மாமி, தாராவியில் வளர்ந்த ஒரு தங்கச்சி, அப்புறம் நான். மூன்று பேர் சீட்டில் நாலு பேர் உட்காருவது மும்பை வழக்கம், நாலாவது ஆளுக்குப் பாதி உடம்புதான் சீட்டில் இருக்கும், அந்த இடத்தில் இன்று யார் என்பது எங்களுக்குள் முறை வைத்து நடக்கும். அந்த நாலாவது சீட்டுக்காரர்தான் அன்றைக்குக் கேள்வி போட வேண்டும். அக்கா மடியில் பிளாஸ்டிக் பை விரித்துப் பட்டாணி உரித்துக்கொண்டே வாதாடுவார், வாதம் சூடானால் தோல் ஒரு பக்கமும் மணி ஒரு பக்கமும் தெறிக்கும்.

ஒரு தடவை மாமி விக்கிரமாதித்தன் கதையை எடுத்தார். ஒரு பெண்ணின் புருஷனும் இன்னொருவனும் கோயிலில் தலையை வெட்டிக்கொண்டு கிடக்கிறார்கள், அம்மன் இரங்கித் தலையை ஒட்டச் சொல்கிறாள், அந்தப் பெண் பதற்றத்தில் தலையை மாற்றி ஒட்டிவிடுகிறாள். இப்போது புருஷன் யார்? தலை எவனுடையதோ அவன்தான் என்று விக்கிரமாதித்தன் தீர்ப்புச் சொல்லிவிட்டான். நாங்களும் தலையை ஆட்டினோம். அக்கா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "எங்க மாமியார் வைக்கிற மீன்குழம்பு எனக்கு இன்னைக்கு வரைக்கும் வரல. அளவு எல்லாம் சொல்லித்தான் குடுத்தாவ, என் தலையில இருக்கு. கைப்பக்குவம் கையிலதானே இருக்கு?" என்றார். அப்படியானால் மனுஷன் என்பது தலையா, இத்தனை வருடம் வேலை செய்து பழகிய கையா? முப்பது வருடம் டைப் அடித்த என் விரல்களைப் பார்த்துக்கொண்டேன். எழுத்து எங்கே இருக்கிறது என்று யோசித்தால் எனக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். அன்று முழுக்க ஆபீஸில் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

இன்னொரு நாள் தங்கச்சி ஒரு வெளிநாட்டுக் கேள்வி கொண்டு வந்தாள். 1967-ல் பிலிப்பா ஃபுட் என்ற இங்கிலாந்துத் தத்துவ அறிஞர் எழுதியதாம். பிரேக் பிடிக்காமல் ஒரு டிராம் வருகிறது, நேரே போனால் ஐந்து பேர் சாவார்கள், பக்கத்துப் பாதையில் திருப்பினால் ஒருவர் சாவார், திருப்பலாமா? மாமி உடனே "நடக்கவே நடக்காது" என்றார். அவர் வீட்டுக்காரர் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருந்து ரிட்டயர் ஆனவர். சிக்னல் கொடுத்து வண்டி உள்ளே வந்துவிட்டால், தண்டவாளத்தைப் பாதை மாற்றுகிற பாயிண்ட் பூட்டிக்கொள்ளும், வண்டி தாண்டும் வரை யார் நினைத்தாலும் திருப்ப முடியாது. ஆனால் "நடக்காது" என்று சொல்லித் தப்பிக்கக் கூடாது என்பது எங்கள் விதி. கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துவிட்டு மாமி சொன்னார், "சரி, அந்தப் பூட்டை எதுக்கு வெச்சான்? அந்த நேரத்துல மனுஷன் கையில முடிவைக் குடுக்கப்படாதுன்னுதானே? அப்போ நான் திருப்ப மாட்டேன்." இதைவிட நல்ல பதிலை நான் கேட்டதில்லை. நான் திருப்புகிற கட்சி, அன்றும் இன்றும்.

விதி என்றேன் இல்லையா, இன்னும் ஒன்று இருக்கிறது, அதுதான் முக்கியம். காட்கோபர் வந்தால் கட்சி மாற வேண்டும். அந்த ஸ்டேஷனில் மெட்ரோ பிடிக்கிறவர்கள் இறங்கிவிடுவார்கள், நாலாவது ஆளுக்கு முழு சீட்டு கிடைக்கும், அதோடு அதுவரை எதை எதிர்த்துப் பேசினோமோ அதை ஆதரித்துப் பேச வேண்டும். ஏனோதானோ என்று பேசினால் ஒத்துக்கொள்ள மாட்டோம். அரசியலிலோ சாமி விஷயத்திலோ யாரையாவது இப்படி மாறிப் பேசச் சொல்ல முடியுமா? எங்கள் குடியிருப்பில் தேர்தல் நேரத்தில் பேசியதற்காக இரண்டு வீடுகள் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

நேரம் பாழ் என்று எழுதியவருக்கு ஒரு சம்பவம் சொல்ல வேண்டும். போன ஜூனில் நான் கேட்ட கேள்வி, மும்பையில் ஒரு வருடம் முழுக்க மழையே இல்லாமல் இருக்கலாமா, ஒரு வருடம் முழுக்க மழை நிற்காமல் பெய்யலாமா. விளையாட்டுக்குத்தான் கேட்டேன். மழை இல்லாவிட்டால் கதை முடிந்தது, மும்பைக்குக் குடிநீர் தரும் 7 ஏரிகளும் ஜூனிலிருந்து செப்டம்பருக்குள் நிரம்பியாக வேண்டும், அதை வைத்துத்தான் வருடம் முழுக்க ஓட வேண்டும் என்று மூன்று பேரும் ஒரே கட்சி. அக்கா மட்டும் மழை வேண்டாம் என்றார். காரணம் கேட்டால் சொல்லவில்லை. காட்கோபர் வந்தும் கட்சி மாறவில்லை. குர்லா தாண்டும்போது வெளியே கையைக் காட்டினார்.

2005 ஜூலை 26. சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்த அந்தச் செவ்வாய்க்கிழமை. வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த அக்காவின் வண்டி குர்லாவுக்கு முன்னால் நின்றுபோயிருக்கிறது. இருட்டும்வரை பார்த்துவிட்டு, தண்டவாளத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் முன்னால் போன பெண்ணின் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறார். செருப்பு போய்விட்டது. வித்யாவிஹார் பக்கம் முன்பின் தெரியாத ஒரு குடும்பம் உள்ளே கூப்பிட்டு, காய்ந்த நைட்டி ஒன்றும் டீயும் பாவ் ரொட்டியும் கொடுத்துப் படுக்கச் சொல்லியிருக்கிறது. அப்போது அக்கா மூன்று மாதம். ஒரு வாரத்தில் அது கலைந்துவிட்டது. இதைச் சொல்லிவிட்டு அக்கா திரும்பவும் பட்டாணி உரிக்க ஆரம்பித்தார், நாங்கள் தாதர் வரை பேசவில்லை.

எட்டு வருடம் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பிள்ளைகள் மார்க், வீட்டுக் கடன், நாத்தனார் சண்டை எல்லாம் பேசியிருக்கிறோம். இது மட்டும் வரவில்லை. "உங்க மனசுல என்ன இருக்கு" என்று நேரே கேட்டிருந்தால் ஆயுசுக்கும் வந்திருக்காது.

எல்லாக் கேள்வியும் நல்ல கேள்வி என்று நான் சொல்லவில்லை. ஒருமுறை வேறொரு பெண் எங்களோடு உட்கார்ந்து, வீடு தீப்பிடித்தால் அம்மாவைக் காப்பாற்றுவாயா பிள்ளையைக் காப்பாற்றுவாயா என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். அந்த வருடம்தான் மாமியின் அம்மா போயிருந்தார். மாமி முகத்தைப் பார்த்து அன்றே முடிவு செய்தோம், வீட்டு மனுஷர்களைத் தராசில் வைக்கிற கேள்வி நம் சீட்டில் கிடையாது.

இதெல்லாம் இப்போது வந்த பழக்கமும் இல்லை. பெண்கள் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா என்று ஒரு பாண்டிய ராஜாவுக்குச் சந்தேகம் வந்தது, அதற்கு ஆயிரம் பொன் முடிந்து சங்கத்தில் தொங்கவிட்டான், அந்தக் கேள்விக்காக நக்கீரர் சிவபெருமானோடேயே வாதாடினார் என்று திருவிளையாடல் படித்து வளர்ந்தவர்கள் நாம். மணிமேகலையில் இந்திர விழாவுக்கு முரசறைகிறவன், வாதம் செய்கிறவர்களைப் பட்டிமண்டபம் ஏறச் சொல்கிறான். அவ்வளவு பழைய விஷயம். ஆனால் இன்றைக்குப் பண்டிகை நாளில் டிவியைப் போட்டால் குடும்ப சந்தோஷத்துக்குக் காரணம் கணவனா மனைவியா என்பதைத்தான் திரும்பத் திரும்ப அரைக்கிறார்கள். அந்த மாவில் இனி இட்லி வராது.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஞாயிறு இணைப்பில் நாலு வரி இடம் ஒதுக்கி வாரம் ஒரு கேள்வி போடுங்கள். விடையைத் தலைகீழாக அச்சடிக்கிற புதிர் வேண்டாம், விடையே இல்லாத கேள்வி வேண்டும். அடுத்த வாரம் எதிரும் புதிருமாக இரண்டு வாசகர் பதில்களைப் போட்டால் போதும், பரிசு எல்லாம் தேவையில்லை.

முதல் கேள்வியை நானே தருகிறேன், வெள்ளிக்கிழமை தங்கச்சி கேட்டது. மும்பைக் காக்கைக்குப் பேச்சு வந்தால் எந்த மொழியில் பேசும்? மராத்தி என்றார் மாமி, பிறந்த மண் அதுதானே என்று. இந்திதான் என்றேன் நான், தெருவில் அதுதானே காதில் விழுகிறது. அக்கா விடவில்லை. அமாவாசைக்கு ஜன்னல் கம்பியில் சோறு வைத்து, அப்பா வந்து சாப்பிடுங்க என்று தமிழில்தான் கூப்பிடுகிறார், அதுவும் வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறது, தமிழ் புரியாமலா வருகிறது என்கிறார். காட்கோபர் வந்தும் அவர் கட்சி மாறவில்லை, நாங்களும் மாறச் சொல்லவில்லை.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
டோம்பிவிலி கிழக்கு