பாதி மட்டும் சுரண்டச் சொன்னவருக்கும் மற்ற எல்லோருக்கும்

எல்லோருக்கும் வணக்கம்.

இந்த வருடம் முழுக்க வாரத்துக்கு ஒரு பாடவேளையைப் பிள்ளைகள் கையால் செய்து பார்த்துப் படிப்பதற்கென்றே ஒதுக்கி வைத்திருந்தேன். போன வாரம் கடைசி வகுப்பும் முடிந்தது. யாருக்கெல்லாம் நன்றி சொல்ல வேண்டும் என்று ஒரு தாளை எடுத்து எழுத உட்கார்ந்தால், பாதிப் பேரின் பெயரே எனக்குத் தெரியாது. முகமும் தெரியாது. அவர்கள் எழுதி இணையத்தில் இலவசமாகப் போட்டு வைத்த குறிப்புகள்தான் தெரியும். அதனால்தான் இதைப் பொதுவில் எழுதுகிறேன், யாருக்குப் போய்ச் சேரணுமோ சேரட்டும்.

முதல் நன்றி, மின்மோட்டார் செய்முறையை எழுதிய அந்த ஆசிரியருக்கு. ஒரு பேட்டரி, இரண்டு ஊக்கு, ஒரு வட்டக் காந்தம், எனாமல் பூசிய செம்புக் கம்பி கொஞ்சம், இவ்வளவுதான் பொருள். இதே மோட்டாரைப் படமாகவும் வீடியோவாகவும் எத்தனையோ இடத்தில் பார்த்திருக்கிறேன், எல்லாவற்றிலும் முதல் தடவையே ஜோராகச் சுற்றும், என் கையில் மட்டும் சுற்றாது. வகுப்புக்கு முந்தின நாள் ராத்திரி வீட்டில் செய்து பார்த்தபோதும் சுருள் ஒரு துடிப்புத் துடித்துவிட்டு அப்படியே நின்றுவிட்டது. கம்பியின் இரண்டு முனைகளிலும் எனாமலைப் பளபளவென்று சுரண்டி வைத்திருந்தேன், நன்றாகச் செய்வதாக நினைத்துக்கொண்டு. அதில்தான் தப்பு. அவருடைய குறிப்பில் மட்டும் படத்துக்குக் கீழே தனியாக நாலு வரி இருந்தது: ஒரு முனையை முழுதும் சுரண்டு, இன்னொரு முனையில் மேல்பாதியை மட்டும் சுரண்டு, இரண்டையும் முழுதாகச் சுரண்டினால் சுற்றாது, நானும் அப்படித்தான் கம்பியை வீணாக்கினேன் என்று. முழுதும் சுரண்டிய கம்பியில் மின்சாரம் நிற்காமல் ஓடும், சுருள் அரைச் சுற்றுத் திரும்பியதும் காந்தம் அதை வந்த வழியே திருப்பித் தள்ளும். பாதி எனாமலை விட்டு வைத்தால் அந்த அரைச் சுற்றுக்கு மின்சாரம் நின்றுபோய், மிச்ச தூரத்தைச் சுருள் தன் வேகத்திலேயே கடந்துவிடும். பாடத்தில் இதற்கு எத்தனையோ பெரிய பெயர்கள் இருக்கின்றன. எனக்கு அன்றைக்கு ராத்திரி அந்த நாலு வரிதான் வேண்டியிருந்தது.

மறுநாள் எட்டுக் குழுவில் ஐந்து பேருடையது சுற்றியது. "மிஸ் சுத்துது மிஸ்" என்று ஒரு பக்கம் கூச்சல், இன்னொரு பக்கம் மூன்று குழு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதில் ஒரு பெண் யாரிடமும் எதுவும் கேட்காமல் சுற்றுகிற சுருளையும் சுற்றாத சுருளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "மிஸ், அவங்க சுருளை நிமிர்த்திப் பிடிச்சு மேல்பாதியைச் சுரண்டியிருக்காங்க, நாங்க படுக்க வச்சுச் சுரண்டிட்டோம்" என்றாள். சரிதான். சுருள் காந்தத்துக்கு மேலே செங்குத்தாக நிற்கும்போதுதான் அதைத் திருப்புகிற விசை அதிகம், அந்த நேரத்தில் சுரண்டிய பக்கம் ஊக்கைத் தொட வேண்டும். படுக்க வைத்துச் சுரண்டினால் தொடுகிற நேரம் மாறிப்போய், முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருக்கும், சுற்றாது. இது அந்த ஆசிரியரின் குறிப்பிலும் இல்லை. ஐயா, அல்லது அம்மா, உங்கள் குறிப்பில் ஐந்தாவது வரியாக இதைச் சேர்த்துக்கொண்டேன், கண்டுபிடித்தது என் வகுப்புப் பிள்ளை.

இலவசப் பாடப்பொருள் என்று தேடினால் கிடைப்பதற்குப் பஞ்சமே இல்லை. ஆனால் எது தவறும், எங்கே தவறும் என்று எழுதி வைத்திருப்பவர்கள் மிகக் குறைவு. பக்கத்துக்குப் பக்கம் வண்ணப் பின்னணியோடு பணித்தாள்கள் கிடைக்கும், ஜெராக்ஸ் எடுத்தால் முழுப் பக்கமும் கறுத்துப்போய்க் கேள்வியே தெரியாது. சில இடங்களில் இலவசம் என்று போட்டுவிட்டு, மின்னஞ்சல் கொடு, செயலியை இறக்கு, நண்பர்களைக் கூட்டி வா என்று ஆரம்பிப்பார்கள். அதையெல்லாம் பார்த்து அலுத்த பிறகுதான், வெள்ளைத் தாளில் வெறும் கோட்டுப் படமாக, நாற்பது பிரதி எடுத்தாலும் தெளிவாக விழுகிற மாதிரி வரைந்து கொடுத்தவர்களின் அருமை புரிந்தது. உங்களில் யாரோ ஒருவர் ஒவ்வொரு பணித்தாளிலும் வெட்டுகிற கோட்டைத் தடிமனாகவும் மடிக்கிற கோட்டைப் புள்ளி புள்ளியாகவும் போட்டிருந்தீர்கள். அதைத் தனியாகச் சொல்லணும் என்று ரொம்ப நாளாக மனசில் இருந்தது.

பெயர் தெரிந்தவர்களும் உண்டு. அர்விந்த் குப்தா. மத்தியப் பிரதேசத்தில் 1972இல் தொடங்கிய ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டத்தோடு சேர்ந்து வேலை செய்தவர், தூக்கிப் போடுகிற பொருள்களில் பொம்மை செய்து அறிவியல் சொல்லித் தருவதே வாழ்க்கையாகிப் போனவர், 2018இல் பத்மஸ்ரீ வாங்கியவர். தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூப் துண்டுகளையும் வைத்து வடிவங்கள் கட்டுகிற முறையை அவரிடமிருந்துதான் எடுத்தேன். ஒரு சதுரம் கட்டி மூலையில் விரலால் தள்ளினால் சாய்ந்துவிடும். முக்கோணத்தை எப்படித் தள்ளினாலும் அசையாது. சதுரத்துக்குக் குறுக்கே ஒரு குச்சியைக் கொடுத்தால் அதுவும் நின்றுவிடும். இதைப் பார்த்த பிறகு ஒரு வாரத்துக்குப் பிள்ளைகள் பாலம், மின்கோபுரம், மிதிவண்டி என்று எதைக் கண்டாலும் முக்கோணம் எண்ணிக்கொண்டிருந்தார்கள். அவர் தன் தளத்தில் செய்முறைகளையெல்லாம் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கிறார்.

அப்புறம் பெட் (PhET) பாவனைகள், அதாவது கணினித் திரையிலேயே சோதனை செய்து பார்க்கிற இலவசப் பாடப்பொருள். 2001இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. மின்சுற்றுப் பாவனையில் கம்பியைக் குறுக்கே போட்டால் பேட்டரி தீப்பிடித்து எரிகிற மாதிரி காட்டும், எங்கள் வகுப்பில் எல்லோரும் முதலில் வேலை மெனக்கெட்டுத் தீ வைத்துவிட்டுத்தான் பாடத்துக்கு வந்தார்கள். நிஜப் பேட்டரியில் செய்ய விட முடியாத தப்பைத் திரையில் ஆசை தீரச் செய்யலாம், அதுதான் அதன் அழகு. வருடக் கடைசியில் மோட்டாரைக் கையில் எடுத்தபோது, பேட்டரியை அதிக நேரம் மாட்டி வைக்காதீர்கள், சூடாகும் என்று நான் இரண்டாவது தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை. இந்தப் பாவனைகளைத் தங்கள் தங்கள் மொழிக்கு மாற்றிக் கொடுக்கிற தன்னார்வலர்களுக்கும் ஒரு கும்பிடு. ஒரு பொத்தானில் இருக்கிற ஒற்றைச் சொல்லுக்கு அவர்கள் எவ்வளவு நேரம் யோசித்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். நானும் பத்துப் பணித்தாள் தமிழாக்கிப் பார்த்தவள்.

தமிழாக்க முடிந்ததற்கும் ஒரு நன்றி இருக்கிறது. உங்கள் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு உரிம வரி போட்டிருந்தீர்களே, எடுத்துக்கொள், மாற்றிக்கொள், பகிர்ந்துகொள், எங்கள் பெயரை மட்டும் சொல் என்று பொருள்படும் வரி, அது இல்லையென்றால் நான் கைவைக்கவே பயந்திருப்பேன். திறந்த கல்வி வளங்கள் என்ற பெயர் 2002இல் யுனெஸ்கோ கூட்டம் ஒன்றில் வந்தது, இந்த மாதிரி உரிமங்களை எழுதித் தருகிற கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பின் முதல் உரிமங்களும் அதே ஆண்டு டிசம்பரில்தான் வெளியாயின. ஒரு சின்னக் குறையும் சொல்லிவிடுகிறேன், கோபிக்காதீர்கள். மாற்றக் கூடாது என்ற நிபந்தனையோடு சிலர் போடுகிறீர்கள். நல்ல எண்ணத்தில்தான் போடுகிறீர்கள், ஆனால் மொழிபெயர்ப்பும் மாற்றம்தானே, அதைச் செய்து இன்னொரு பள்ளிக்குக் கொடுக்க முடியாமல் போகிறது. திருத்துகிற மாதிரி கோப்பாகவும் கொடுத்தவர்களுக்கு இரட்டை நன்றி.

முக்கோணத்தின் மூலைகளைக் கிழித்து ஒட்டுகிற பாடம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் கத்தரிக்கோலால் வெட்டாதே, கையால் கிழி என்று ஒருவர் எழுதியிருந்தார். ஏன் என்று வகுப்பில்தான் புரிந்தது. நான் சொன்னதைக் காதில் வாங்காமல் அழகாக வெட்டிய இரண்டு பேரிடம், வெட்டிய துண்டில் எது முக்கோணத்தின் பழைய முனை, எது புதிதாக வெட்டியதால் வந்த முனை என்று கேட்டால் தெரியவில்லை, தப்பான முனைகளைச் சேர்த்து வைத்துவிட்டு 180 வரவில்லை என்றார்கள். கிழித்தவர்களுக்கு அந்தக் குழப்பமே இல்லை, கிழிந்த ஓரம் பிசிறு பிசிறாக இருக்கும். அதற்கு முன்னால் கோணமானியால் அளந்து கூட்டச் சொல்லியிருந்தேன், 178, 181, ஒருத்தனுக்கு 190. மூலைகள் நேர்கோட்டில் வந்து உட்கார்ந்ததைப் பார்த்து எல்லோரும் ஆஹா என்றபோது அந்த 190 பையன் மட்டும், "மிஸ், இதுவும் கிட்டத்தட்டதானே, 179ஆ இருந்தா கண்ணுக்குத் தெரியுமா?" என்றான். ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளில் முக்கோணத்தின் முனையைப் பிடித்து இழுத்துக் காட்டினேன், கூட்டுத்தொகை 180 என்றே நின்றது. அதற்கும் அவன் மசியவில்லை, கம்ப்யூட்டருக்கு அப்படிச் சொல்லி வைத்திருப்பார்கள் என்றான். கடைசியில் உச்சி வழியாக அடிப்பக்கத்துக்கு இணையாக ஒரு கோடு போட்டு, ஒன்றுவிட்ட கோணங்களைக் காட்டிய பிறகுதான் ஒத்துக்கொண்டான். வருடம் முழுக்கக் கையால் செய்து பார் என்று சொல்லிக்கொண்டிருந்த எனக்கு, கையால் செய்வது எதுவரைக்கும் என்று காட்டியதற்காக அவனுக்கும் நன்றி எழுத வேண்டியிருக்கிறது.

பக்கத்து வகுப்பு டீச்சருக்கு நன்றியை விட மன்னிப்புதான் முதலில். உறிஞ்சுகுழலின் ஒரு முனையைத் தட்டையாக்கி, கூம்பு மாதிரி வெட்டி ஊதினால் பீப்பி மாதிரி கத்தும், ஊதிக்கொண்டே குழலை வெட்டிக் குட்டையாக்கினால் சுருதி ஏறிக்கொண்டே போகும். காகிதக் குழல் எச்சில் பட்டு நமத்துச் சீக்கிரம் நின்றுவிடும் என்று குறிப்பில் இருந்தது, அதுவாவது நடக்கும் என்று நம்பித்தான் காகிதக் குழல் கொடுத்தேன். எல்லாம் நின்று போவதற்குள் உங்கள் வகுப்பில் தேர்வு நடந்து முடிந்துவிட்டது.

சோடா உப்பில் பொங்கும் எரிமலையை ஏன் செய்யவில்லை என்று கேட்ட பெற்றோர்களுக்கும் நன்றி, கேட்டதால் யோசிக்க முடிந்தது. நுரை பொங்குவது அமிலமும் சோடா உப்பும் சேர்ந்து கார்பன் டை ஆக்சைடு வருவதால். அதை அமிலம், காரம் பாடத்தில் செய்தோம், மலை இல்லாமல். வர்ணம் பூசிய களிமண் மலை கண்ணுக்கு அழகு, ஆனால் அதைச் செய்து முடித்த பிள்ளை எரிமலைக்குள்ளே இருப்பது சோடா என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகக் கூடாது.

பாடவேளையை விட்டுக்கொடுத்து, பாடத்திட்டம் முடியுமா என்று ஒரு தடவை மட்டும் கேட்டுவிட்டு அப்புறம் கேட்காத தலைமையாசிரியருக்கு, அட்டைப் பெட்டிகளைத் தூக்கிப் போடாமல் வருடம் முழுக்கச் சேர்த்துக் கொடுத்த வீடுகளுக்கு, எல்லோருக்கும் என் நன்றி. ஒவ்வொரு வாரமும் வகுப்பறையைப் பெருக்கிய அக்காவுக்குத் தனியாக. காகிதத் துணுக்கு கூடப் பரவாயில்லை, அந்த மினுமினுப் பொடியை மட்டும் இனி வாங்காதீங்க என்று சொன்னீர்கள், வாங்கவில்லை.

நான் எடுத்தாண்ட பணித்தாள்களை, எங்கள் வகுப்பில் என்னென்ன தவறியது என்ற குறிப்போடு, அதே உரிமத்தில் திரும்பப் போட்டிருக்கிறேன். இன்னும் நான்கு பாக்கி, விடுமுறையில் முடிப்பேன். கத்தரிக்கோல் இரவல் கொடுத்த டீச்சர்களுக்கு ஒரு வார்த்தை: பதினொன்று வாங்கினேன், பதின்மூன்று இருக்கிறது. கூடுதலாக இருக்கிற இரண்டும் யாருடையது என்று தெரியவில்லை. ஒன்றுக்குப் பச்சைப் பிடி, இன்னொன்றின் நுனி வளைந்திருக்கிறது. உங்களுடையது என்றால் சொல்லுங்கள், என் மேசை இழுப்பறையில்தான் இருக்கின்றன.