கீழாநெல்லியின் பயனையும் பாதுகாப்பையும் முறையாகச் சோதித்தறியக் கோரும் மனு

அனுப்புநர்:
காமாலைக்குக் கீழாநெல்லி கொடுத்துவரும் குடும்பத்தைச் சேர்ந்தவர்,
மதுராந்தகம் வட்டம், செங்கல்பட்டு மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
இந்திய மருத்துவம் மற்றும் ஓமியோபதித் துறை,
அரும்பாக்கம், சென்னை – 600 106.

பொருள்: மஞ்சள் காமாலைக்கு மக்கள் உட்கொள்ளும் கீழாநெல்லியை அரசு மருத்துவமனைகள் வழியாக ஆய்வு செய்ய வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். என் பாட்டனார் காலந்தொட்டு எங்கள் வீட்டுத் திண்ணையில் காமாலைக்குக் கீழாநெல்லி கொடுத்து வருகிறோம். விடியற்காலையில் செடியை வேரோடு பிடுங்கி, மண் போக அலசி, அம்மியில் மைய அரைத்து, நெல்லிக்காய் அளவு உருட்டி, மோரில் கரைத்து வெறும் வயிற்றில் மூன்று நாள் கொடுப்போம். உப்பும் எண்ணெயும் நீக்கிப் பத்தியம் இருக்கச் சொல்வோம். காசு வாங்குவதில்லை. எங்களுக்கு மருத்துவப் பட்டமோ பதிவோ இல்லை என்பதையும் மறைக்காமல் தெரிவித்துக்கொள்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் பக்கத்து ஊர்ப் பெரியவர் ஒருவர் கண் மஞ்சளாகி, உடம்பெல்லாம் அரிப்பெடுத்து, மலம் சுண்ணாம்பு போல வெளுத்துப் போவதாகச் சொல்லிக்கொண்டு வந்தார். மூன்று நாளில் குறையவில்லை என்று மேலும் இரண்டு வாரம் கொடுத்தோம். பிறகு குளிர்காய்ச்சல் கண்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோதுதான் பித்தக்குழாயைக் கல் அடைத்திருப்பது ஸ்கேனில் தெரிந்தது. அவர் பிழைத்துக்கொண்டார். ஆனாலும் வீணாய்ப்போன அந்த இரண்டு வாரத்துக்கு நாங்களே பொறுப்பு என்பதை என்னால் மறக்க முடியவில்லை. இம்மனுவை எழுதவைத்ததும் அதுதான்.

காமாலை என்பது தனியொரு நோயன்று, பல நோய்களின் அடையாளம் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். அசுத்தமான தண்ணீரால் பரவும் ஏ, ஈ வகைக் கல்லீரல் அழற்சிகள் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தாமாகவே தணிந்துவிடுகின்றன. எங்களிடம் வந்து குணமானவர்களில் எத்தனை பேர் செடியால் குணமானார்கள், எத்தனை பேர் ஒன்றும் கொடுக்காமலே குணமாகியிருப்பார்கள் என்று எங்களால் பிரித்துச் சொல்ல இயலாது. மூன்று தலைமுறை அனுபவம் இருந்தும் இந்த ஒரு கேள்விக்கு எங்களிடம் விடை இல்லை. கீழாநெல்லி பெற்றவர்களையும் பெறாதவர்களையும் ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வில்தான் அது கிடைக்கும்.

அத்தகைய ஆய்வு நம் சென்னையிலேயே நடந்திருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் தியாகராஜன் குழுவினர், நோபல் பரிசு பெற்ற பாரூக் பிளம்பெர்க் அவர்களோடு சேர்ந்து 1988-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வில், கல்லீரல் அழற்சி பி கிருமியைச் சுமந்திருந்தவர்களுக்குக் கீழாநெல்லிப் பொடியை வேளைக்கு 200 மில்லிகிராம் வீதம் நாளுக்கு மூன்று வேளை, 30 நாள் கொடுத்தார்கள். பொடி பெற்ற 37 பேரில் 22 பேருக்கு அக்கிருமியின் மேற்பரப்புப் புரதம் இரத்தத்தில் காணாமற்போனது. மருந்தில்லாத போலிப்பொடி பெற்ற 23 பேரில் ஒருவருக்கே அவ்வாறு ஆனது. உலகமே திரும்பிப் பார்த்த முடிவு அது. ஆனால் தாய்லாந்து முதலிய நாடுகளில் பின்னர் நடந்த ஆய்வுகளில் அதே பலன் கிட்டவில்லை. செடியின் இனமும் விளைந்த மண்ணும் பறித்த பருவமும் வேறுபட்டது காரணமாக இருக்கலாம் என்றார்கள். முதல் முடிவே தற்செயலாகவும் இருந்திருக்கலாம். மேலும், அந்த ஆய்வு பி கிருமியை நெடுநாள் சுமந்தவர்களைப் பற்றியது. திண்ணையில் வந்து நிற்கும் காமாலைக்காரரைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை.

செடியின் இனம் பற்றிய ஐயம் சிறியதன்று. இலைக்குக் கீழே காய் வரிசையாகத் தொங்குவதால் கீழாநெல்லி என்று பெயர். அதே வரப்பில், அதே போல இலைக்கடியில் காய்க்கும் செந்தண்டுச் செடி ஒன்றும் முளைக்கிறது. அதன் காய் காம்பின்றித் தண்டோடு ஒட்டியிருக்கும், தோல் சொரசொரப்பாக இருக்கும். கையில் எடுத்துக் காயைத் திருப்பிப் பார்த்தால்தான் வேறுபாடு தெரியும். காய்ந்து நொறுங்கி நாட்டு மருந்துக் கடைக்கு வந்த சரக்கில் அதுவும் தெரியாது. இப்போது வரப்புகளில் களைக்கொல்லி அடிக்கிறார்கள். சாக்கடை ஓரத்திலும் செடியைப் பறிக்கிறார்கள். கொதிக்க வைக்காத தண்ணீரில் பச்சையாக அரைத்துக் குடிப்பதால், தண்ணீர் வழியாகப் பரவும் காமாலையே அந்த மருந்தோடு உள்ளே போகவும் கூடும். சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களும் கர்ப்பிணிகளும் இதை உட்கொள்ளலாமா என்று கேட்கும்போது நான் திகைத்து நிற்கிறேன்.

ஆகவே, தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனம், பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி ஆகியவற்றோடு அரசு மருத்துவமனைகளின் கல்லீரல் நோய்ப் பிரிவுகளையும் இணைத்து ஓர் ஆய்வுக்கு ஆணையிடுமாறு பணிந்து கேட்டுக்கொள்கிறேன். செடியின் இனத்தை மரபணுச் சோதனையால் உறுதி செய்து, களைக்கொல்லி எச்சமும் கன உலோகமும் உள்ளனவா என்று பார்த்து, அதன்பின் வழக்கமான சிகிச்சையோடு கீழாநெல்லி பெறுவோர், பெறாதோர் எனக் குலுக்கல் முறையில் பிரித்து, இரு சாராரின் இரத்தத்திலும் காமாலையின் மஞ்சள் நிறத்துக்குக் காரணமான பிலிருபினின் அளவை ஒப்பிட வேண்டும். ஆய்வை இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிந்து, முடிவு எதுவானாலும் தமிழில் வெளியிட வேண்டும். அதுவரை, கண் மஞ்சளானால் முதலில் இரத்தப் பரிசோதனை, பிறகே எந்த மருந்தும் என்ற அறிவிப்பை ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் நாட்டு மருந்துக் கடைகளிலும் வைக்க ஆவன செய்யுமாறும் வேண்டுகிறேன். அந்தப் பெரியவரின் நிகழ்வுக்குப் பிறகு, இரத்தப் பரிசோதனைச் சீட்டு இல்லாமல் வருவோருக்கு நான் மருந்து கொடுப்பதில்லை.

ஆய்வுக்கு வேண்டிய செடியை எங்கள் தோட்டத்திலிருந்து தரவும், நாங்கள் அரைத்துக் கொடுக்கும் முறையை ஆய்வாளர்கள் முன் செய்து காட்டவும் ஆயத்தமாக இருக்கிறேன். பயனில்லை என்றோ தீங்கு என்றோ முடிவு வந்தால், கொடுப்பதை அன்றே நிறுத்திவிடுவேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)