சிறிய நாடுகளுக்கும் பேச வாய் கொடுங்கள்: வியூக விளையாட்டு வடிவமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பண்டைய வரலாற்றைக் களமாகக் கொண்ட வியூக விளையாட்டுகளை உருவாக்கும் அணியினருக்கு,

வணக்கம்.

உங்கள் வரைபடங்களைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. கணவாய்களும் ஆற்றுத்துறைகளும் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றன; போர்க்களக் காட்சிகளுக்கும் குறைவில்லை. என் வழக்கு முழுவதும் ஆட்டத்தின் முதல் இருபது, முப்பது ஆண்டுகளைப் பற்றியது. அந்த ஆண்டுகளில் ஆட்டக்காரர் என்ன செய்கிறார்? ஆட்டத்தை நிறுத்திவைத்து, அண்டை நாடுகளை ஒவ்வொன்றாகச் சொடுக்கி, கூட்டாளி இல்லாத நாடு எது என்று தேடுகிறார். அதன்மீது உரிமை கோரும் பொத்தானை அழுத்துகிறார். தலைநகர் முற்றுகையில் விழுகிறது, அந்த நாடு வரைபடத்திலிருந்து மறைகிறது. ஆக்கிரமிப்புக் கணக்கு, அதாவது அண்டை நாடுகளின் அச்சத்தைக் குறிக்கும் எண், ஏறியிருக்கும். அது இறங்கும்வரை பொறுத்திருந்துவிட்டு அடுத்த நாட்டைச் சொடுக்குகிறார். அந்த எண் இறங்கக் காத்திருக்கும் நேரத்துக்குத்தான் உங்கள் விளையாட்டுகளில் இராஜதந்திரம் என்று பெயர்.

சாமம் (இன்சொல்), தானம் (கொடை), பேதம் (பிரித்துவைத்தல்), தண்டம் (படைபலம்) என்று நான்கு வழிகளைச் சொல்வார்கள். தண்டத்துக்கு நீங்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்திருக்கிறீர்கள். தானம் ஒரு பரிசுப் பொத்தானாகச் சுருங்கிவிட்டது. சாமம் என்பது நல்லெண்ணப் புள்ளி. பேதம் பெரும்பாலும் இல்லவே இல்லை.

இம்பெரேட்டர்: ரோம் என்ற விளையாட்டு கி.மு. 304இல் தொடங்குகிறது. ஃபீல்ட் ஆஃப் குளோரி: எம்பயர்ஸ் கி.மு. 310இல், 2004இல் வந்த ரோம்: டோட்டல் வார் கி.மு. 270இல் தொடங்குகின்றன. முதல் ஆண்டையே எடுத்துக்கொள்வோம். கி.மு. 304இல் ரோம் தன் அண்டையில் வாழ்ந்த ஏக்குவி மக்கள்மீது பாய்ந்தது. ஐம்பது நாட்களில் 31 ஊர்களைப் பிடித்து, பெரும்பாலானவற்றைத் தரைமட்டமாக்கியதாக ரோம வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். உங்கள் கணக்குப்படி அடுத்து என்ன நடக்க வேண்டும்? சுற்றியுள்ள அத்தனை பேரும் வெகுண்டு எதிர்க்கூட்டணி அமைக்க வேண்டும். நடந்தது வேறு. மார்சி, பெலிக்னி, மர்ருகினி, ஃபிரென்டனி ஆகிய நான்கு இத்தாலிய மக்களும் ரோமுக்குத் தூது அனுப்பி உடன்படிக்கை கேட்டார்கள், பெற்றார்கள்.

அச்சம் எதிர்க்கூட்டணியையும் பிறப்பிக்கும். பத்து ஆண்டுகள்கூட ஆவதற்குள் இத்தாலியில் இருந்த சாம்னைட்டுகள், எட்ரஸ்கர்கள், அம்பிரியர்கள், கோல் இனத்தவர் என நான்கு தரப்பும் ரோமுக்கு எதிராகக் கைகோத்தார்கள். ஆகவே ஒரே அச்சம் ஒருவரைப் பணிய வைக்கிறது, இன்னொருவரை வாள் எடுக்க வைக்கிறது. எது எவரை எப்படி மாற்றும் என்பது அவர்களின் தொலைவு, பலம், வேறு புகலிடம் உண்டா என்பதையெல்லாம் பொறுத்தது. இத்தனையையும் ஒரே எண்ணுக்குள் அடைத்துவிட்டு, அதை எல்லா அண்டை நாடுகளுக்கும் சமமாகப் பங்கிடுகிறீர்கள்.

அடுத்தது சமாதானப் பலகை. போர் முடிந்ததும் அதில் மூன்று நான்கு தெரிவுகள்: இணைத்துக்கொள், கப்பம் வாங்கு, அடிமைநாடாக்கு, விட்டுவிடு. கி.மு. 338இல் லத்தீன் நகரங்களின் கூட்டமைப்பை உடைத்தபோது ரோம் இதைவிட எவ்வளவு நுணுக்கமாக நடந்துகொண்டது என்று பாருங்கள். லனுவியம், அரிசியா போன்ற ஊர்களுக்கு முழுக் குடியுரிமை கொடுத்தது. கபுவாவும் கூமேயும் வாக்குரிமை இல்லாத குடியுரிமை பெற்றன. திபூரும் பிரெனெஸ்தேயும் நிலத்தை இழந்தன, ஆனால் தனி நகரங்களாகவே நீடித்தன. ஆன்டியத்தின் போர்க்கப்பல்களைப் பறித்து, அவற்றின் முகப்பு அலகுகளைக் கொண்டுபோய் ரோமின் மன்றத்துப் பேச்சுமேடையில் பதித்தார்கள். மற்ற லத்தீன் நகரங்கள் தங்களுக்குள் மணவுறவு கொள்ளவும் வணிகம் செய்யவும் கூட்டம் கூடவும் தடை விழுந்தது. ஒவ்வொரு நகரத்துக்கும் ரோமோடு ஒரு கயிறு உண்டு, பக்கத்து நகரத்தோடு கிடையாது. நான் மேலே சொன்ன பேதம் இதுதான். இதை ஒரு விளையாட்டில் செய்து பார்க்க வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா! ஐந்து ஊர்களை வென்ற பிறகு ஐந்துக்கும் வெவ்வேறு விதி எழுதுவது, வெற்றி பெற்ற போரைவிடச் சுவையான ஆட்டமாக இருக்கும்.

இந்த ஏற்பாட்டில் தோற்றவர்கள் ரோமுக்கு ஆண்டுதோறும் பணம் கட்டவில்லை. போர் என்றால் ஆள் அனுப்பினார்கள். உங்கள் விளையாட்டுகளில் கீழ்ப்பட்ட நாடு என்றால் கருவூலத்தில் சொட்டும் சில காசுகள்தான். அதனால் பத்து ஆண்டுகளில் அதை விழுங்கிவிடுவதே இலாபம் என்று எந்த ஆட்டக்காரருக்கும் தோன்றும். உண்மையில் கி.மு. 225இல் ரோமரும் கூட்டாளிகளுமாக ஆயுதம் ஏந்தக்கூடியவர்கள் ஏழு லட்சம் காலாட்கள், எழுபதாயிரம் குதிரை வீரர்கள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் கணக்குத் தருகிறார். அவர்களில் பெரும்பகுதியினர் ரோமக் குடிமக்களே இல்லை.

ஆனால் அந்தக் கூட்டாளிகள் ஒரு பொத்தானுக்குக் கட்டுப்பட்ட பொம்மைகளும் அல்லர். கி.மு. 216இல் கன்னே போரில் கார்தேஜின் தளபதி ஹன்னிபால் ரோமை வென்றதும் கபுவா கட்சி மாறியது. கி.மு. 209இல் முப்பது லத்தீன் குடியேற்ற நகரங்களில் பன்னிரண்டு, இனி அனுப்ப ஆளும் இல்லை, அவர்களுக்குச் சம்பளம் கொடுக்கப் பணமும் இல்லை என்று கையை விரித்தன. மீதிப் பதினெட்டு ரோமின் பக்கமே நின்றன. நூறாண்டுக்கு முன் எழுதிய விதிகளின் பலனை ஹன்னிபால் வந்த பிறகு அனுபவிப்பதற்கு, தொடக்கத்தில் அந்த நகரங்கள் விழுங்கப்படாமல் மிஞ்சியிருக்க வேண்டும். ஆட்டத்தின் நடுப்பகுதி சப்பென்று இருப்பதாகப் பலரும் குறைபடுவதற்குக் காரணம் அங்கே இல்லை, முதல் இருபது ஆண்டுகளில் இருக்கிறது என்பது என் முடிவு.

இன்னொரு பெரிய குறை: சிறிய நாடு தானாக எதையும் தொடங்குவதில்லை. பிடிபடுவதற்காகவே பிறந்ததுபோல் உட்கார்ந்திருக்கிறது. வரலாற்றில் பல போர்களைத் தொடங்கி வைத்ததே மெலியவர் அனுப்பிய தூது. கி.மு. 343இல் சாம்னைட்டுகளிடமிருந்து தப்பக் கபுவா ரோமைக் கூப்பிட்டது. கி.மு. 298இல் தென் இத்தாலியின் லுகானியர் அதே சாம்னைட்டுகளுக்கு எதிராகக் கூப்பிட்டார்கள். பிறகு அந்த லுகானியரிடமிருந்து காக்கச் சொல்லித் தூரி என்ற கிரேக்க நகரம் கூப்பிட்டது. அதில் டாரென்டம் என்ற இன்னொரு கிரேக்க நகரம் சினந்து ரோமக் கப்பல்களைத் தாக்கியது, அதற்குத் துணையாகக் கி.மு. 280இல் எபிரஸ் மன்னர் பிர்ரஸ் யானைகளோடு வந்து இறங்கினார். கி.மு. 264இல் சிசிலித் தீவின் மெசானா நகரைப் பிடித்திருந்த கூலிப்படையினர் கார்தேஜையும் ரோமையும் மாறி மாறி அழைத்து, இரண்டு வல்லரசுகளையும் முட்ட வைத்தார்கள். ஒரே ஒரு நகரத்தை வைத்திருந்தவர்கள்! இப்படி ஒரு அழைப்பு ஆட்டக்காரருக்கு வந்தால், போக மறுப்பதும் ஒரு முடிவாகும், போவதும் ஒரு பொறியாகும். இல்லாத உரிமையைப் பொத்தானை அழுத்தி உண்டாக்கும் வேலை பாதி குறைந்துவிடும்.

போர்நிறுத்தத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எல்லோருக்கும் ஒரே கால அளவு என்று யார் விதித்தது? கி.மு. 353இல் கேரே என்ற எட்ரஸ்க நகருக்கு ரோமிடமிருந்து நூறாண்டுப் போர்நிறுத்தம் கிடைத்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து டார்குவினி என்ற இன்னொரு எட்ரஸ்க நகருக்கு நாற்பது ஆண்டுகள். கி.மு. 308இல் எட்ரஸ்கர்கள் ஒரே ஓர் ஆண்டை விலைக்கு வாங்கினார்கள்: ரோமப் படையின் அந்த ஆண்டுச் சம்பளமும், வீரருக்கு இரண்டிரண்டு அங்கிகளும்தான் விலை.

கிழக்கிலும் இதே கதைதான். அலெக்சாந்தருக்குப் பின் ஆசியாவில் ஆண்ட செலூக்கஸ் சிந்துவுக்கு மேற்கே இருந்த நிலங்களைச் சந்திரகுப்த மௌரியருக்கு விட்டுக்கொடுத்து 500 யானைகளைப் பெற்றார். கி.மு. 301இல் இப்சஸ் களத்தில் தன் போட்டி மன்னரான ஆன்டிகோனஸை வீழ்த்த அந்த யானைகள் உதவின. நிலத்தைக் கொடுத்து யானை வாங்கும் பேரத்துக்குப் பெரும்பாலான விளையாட்டுகளில் பலகையே கிடையாது.

எதிர்க்கூட்டணிக்கு மீண்டும் வருகிறேன், ஏனெனில் அதன் முடிவு இன்னும் சுவையானது. கி.மு. 295இல் சென்டினம் போர்க்களத்தில் நான்கு தரப்பும் ஒன்றாக நின்றிருந்தால் ரோமின் கதி என்னவாகியிருக்குமோ. ரோமத் தளபதிகள் வேறு படைகளை அனுப்பி எட்ரஸ்கர்களின் க்ளூசியம் பகுதியைச் சூறையாடச் சொன்னார்கள். தம் நிலத்தைக் காக்க எட்ரஸ்கர்கள் விலகிப் போனார்கள், அம்பிரியர்களும் போரில் இல்லை. உங்கள் விளையாட்டுகளில் கூட்டணிப் படைகள் சொந்த ஊர் எரிந்தாலும் திரும்பிப் பார்க்காமல் என் தலைநகரை நோக்கி நடக்கின்றன. வீடு பற்றி எரியும் கூட்டாளிக்குப் போகும் ஆசை வர வேண்டும்.

இவ்வளவும் புதிய ஆட்டக்காரர்களைத் திணறடிக்கும் என்று உங்கள் தரப்பில் சொல்லக்கூடும். இன்றைக்கு ஒரு நாடு என்னை ஏன் வெறுக்கிறது என்று அறியக் கூட்டல் கழித்தல் குறிகளோடு நீளும் பட்டியலைப் படிக்க வேண்டியிருக்கிறதே, அது எளிதா? "கடற்படையை எடுத்துக்கொள், நிலத்தை விட்டுவிடு" என்று ஒரு தூதர் வந்து கேட்டால் யாருக்கும் புரியும். கணினியின் சுமை பற்றிய கவலை நியாயமானது. நூற்றுக்கணக்கான நாடுகள் ஒவ்வொரு மாதமும் பேரம் பேசினால் ஆட்டம் தவழும். போர் தொடங்கும்போதும் முடியும்போதும் மட்டும், அதுவும் எல்லையோர நாடுகள் மட்டும் பேசினால் போதும்.

ஒரே பதிப்பில் எல்லாம் வராது என்பதும் தெரியும். முதலில் சமாதானப் பலகையைத் திருத்துங்கள்: தோற்ற நாடு தன் பக்கத்திலிருந்து ஒரு விதியை முன்வைக்கட்டும், நகரத்துக்கு நகரம் நிபந்தனை மாறட்டும், கப்பத்துக்குப் பதிலாகப் படைவீரர்களைக் கேட்க முடியட்டும். இத்தாலியில் மட்டும் சோதனைப் பதிப்பாக வெளியிட்டாலும் போதும். அதற்கான கோப்புகளைப் பூட்டாமல் விடுங்கள். கிரேக்கத்துக்கும் சிரியாவுக்கும் மோட் (ஆட்டக்காரர்களே செய்யும் மாற்றத் தொகுப்பு) எழுதுபவர்கள் விரித்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் ஆட்டக்காரர் ஒருவர்