ஓடுகிறவரின் மனதையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மாரத்தான் பற்றிய கட்டுரைகளில் ஷூ, உணவு, பயிற்சி அட்டவணை என்றே இடம் நிரம்பிவிடுகிறது. மனதைப் பற்றி வந்தால் ‘விடாதே, வலியைத் தாண்டு’ என்ற ஒரே பேச்சுதான். பல வருடங்களாக ஓடுகிறவன் என்பதால் சொல்கிறேன், அது பாதிதான் சரி.

42.195 கிலோமீட்டரில் 30-ஐத் தாண்டும்போது உடலில் எரிபொருளாகச் சேர்த்து வைத்திருந்த கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்து குறைந்து கால் கனக்கும், கூடவே ‘உன்னால் முடியாது’ என்று மனம் புலம்பும். அது கோழைத்தனம் இல்லை, சக்தி குறைந்த உடலின் குரல் என்று புரிந்ததும் எனக்குப் பாதி பயம் போய்விட்டது. அப்புறம் மீதித் தூரத்தை நினைக்காமல் அடுத்த தண்ணீர் மேசை வரை மட்டும் ஓடப் பழகினேன்.

ஆனால் வாரக்கணக்கில் தூக்கம் கெட்டு, காரணமில்லாமல் எரிச்சல் வந்து, காலையில் எழும்போதே நாடித்துடிப்பு கூடியிருந்து, ஓடவே பிடிக்காமல் போனால்? அளவுக்கு மீறிய பயிற்சியாக இருக்கலாம். அங்கே மனவுறுதி உதவாது. ஓய்வு வேண்டும், மருத்துவரையும் பார்க்க வேண்டும். பந்தயம் முடிந்த பிறகு வரும் வெறுமையையும் யாரும் பேசுவதில்லை. என் முதல் மாரத்தானுக்குப் பின் அது வந்தது, வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை.

மாரத்தானில் இரண்டு ஒலிம்பிக் தங்கம் வென்ற கென்ய வீரர் எலியுட் கிப்சோகேவே 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 30 கிலோமீட்டருக்குப் பிறகு ஓட்டத்தை நிறுத்திக்கொண்டார். நிறுத்துவதைப் பற்றியும் உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் ஒருமுறை எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்